பாதி உண்மை பேசும் சகாக்கள்

ரமேஷ் கிருஷ்ணன் என்ற நிதி ஆலோசகர் 2011ல் சிங்கப்பூரின் அக்ஸா ஆயுள் காப்புறுதி நிறுவனத்தை விட்டு விலகி, புருடென்ஷியல் நிறுவனத்தில் சேர முயன்றார். ஆள் எப்படி என்று கேட்டுப் புதிய இடத்திலிருந்து பழைய இடத்துக்கு வழக்கம்போல் கடிதம் போனது. பதிலும் வந்தது. வேலைதான் கிடைக்கவில்லை. அவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். விடாமல் மேல்முறையீடு செய்தார். 2016ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அவருக்கு மதிப்பிடப்பட்ட இழப்பீடு சுமார் 4 மில்லியன் வெள்ளி.

சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் இந்த வழக்கில் சாதாரண ஊழியர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவதூறு என்ற வாதம் எடுபடவில்லை. கெட்ட எண்ணத்தோடு பொய் சொன்னார்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. வென்றது கவனக்குறைவு என்ற வாதம். ஒருவரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நிறுவனம், சொல்லும் தகவல் சரியா என்று பார்த்தால் மட்டும் போதாது. சொல்லாமல் விட்ட தகவலால் மொத்தச் சித்திரமே கோணலாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். ஒருவர் பிழைப்பைக் கெடுக்கப் பொய்யே தேவையில்லை, உண்மையில் பாதியை விழுங்கிவிட்டால் போதும் என்பதை நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது போலத்தான் இது.

அங்கே நடந்தது அலட்சியம். அதையே ஒருவர் தெரிந்து, திட்டமிட்டு, தினமும் செய்தால்?

ராஃபிள்ஸ் பிளேஸ் வங்கியிலும் சாங்கி பிசினஸ் பார்க்கின் தகவல் தொழில்நுட்பக் கூடத்திலும் சிராங்கூன் சாலை நகைக்கடையிலும் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பேச்சில் அவர்கள் வேலைக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. மேலதிகாரி பார்க்கும்போது மட்டும் பரபரப்பாக இயங்குவது ‘வயாங்’. அடுத்தவரை மாட்டிவிடுவது ‘சாபோ’. தன் தலைக்கு வந்த பொறுப்பை நாசூக்காக அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது ‘தாய்ச்சி’. எவருக்கும் பிடிக்காத வேலை ஒருவர் தலையில் விழுந்தால் அவருக்கு ‘ஆரோ’ வந்துவிட்டது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சேர்ந்து உட்காரும் மதிய உணவு மேசையில் இந்தச் சொற்களுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இவற்றில் பலதும் எரிச்சலோடு முடிந்துவிடும் சில்லறை விஷயங்கள். ஆளைச் சாய்ப்பது வேறு ரகம்.

முதல் ரகம், அக்கறையாகப் பேசிக் குழி பறிப்பது. “பாவம் பாஸ், அவருக்கு வீட்டில் ஏதோ பிரச்சினைபோல. ரெண்டு வாரமா கவனமே இல்லை. நீங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க.” இதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வார்த்தை இல்லை. அவர் ஒருநாள் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப் போக அரை நாள் விடுப்பு எடுத்தது உண்மை. ஆனால் அடுத்த பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது ‘கவனமே இல்லை’ என்பதுதான் மேலதிகாரியின் மனத்தில் நிற்கும். “கேட்டுடாதீங்க” என்ற கடைசி வார்த்தைதான் இதில் பெரிய தந்திரம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயம் தெளிந்திருக்கும். அந்த வழியைத்தான் அது அடைக்கிறது.

இரண்டாவது, தகவலைப் பூட்டிவைப்பது. கூட்டத்தின் நேரம் மாறியதை எல்லாருக்கும் சொல்லி ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் விடுவது. மின்னஞ்சலில் ஒரே ஒரு பெயர் விடுபடுவது. வாட்ஸ்அப் குழுவுக்குப் பின்னால் அவர் இல்லாத இன்னொரு குழு. பல மொழி பேசும் இந்த ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: கூட்டம் பாதியில் ஒரு மொழிக்குத் தாவும், அந்த மொழி தெரியாதவர் மேசையில் இருந்தும் இல்லாதவர் ஆவார். மாண்டரின் பேச்சுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தமிழருக்கு இது பழக்கப்பட்ட வலி. தமிழர் நிறைந்த குழுவில் ஒரே ஒரு மியன்மார்க்காரராகவோ பிலிப்பினோவாகவோ இருப்பவருக்கும் அதே வலிதான் என்பதைத் தமிழர்கள் பல நேரம் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, பெயர் மாற்றம். இரவெல்லாம் விழித்து ஒருவர் தயாரித்த அறிக்கையை இன்னொருவர் மேலிடத்தில் “நாங்கள் செய்தது” என்று வைப்பார். சில வாரங்களில் அது “நான் செய்தது” ஆகிவிடும்.

இவற்றில் எதையும் தனியாக எடுத்துப் புகார் செய்ய முடியாது. ‘இதற்கெல்லாமா’ என்பார்கள். தொந்தரவு செய்பவருக்கு உள்ள பெரிய பாதுகாப்பே இந்தச் சின்னத்தனம்தான். ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார். ஒவ்வொரு சம்பவத்தின் அளவைப் பார்ப்பதை விட, அது எத்தனை முறை, எவ்வளவு காலம் தொடர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது ஒருவரைக் குறிவைத்து நடந்தால் அதைப் பணியிடத் தொல்லையின் கடுமையான வடிவமாக அவர் வகைப்படுத்தினார். அந்த ஆய்வுகளின் தாக்கத்தில் 1993லேயே ஸ்வீடன் வேலையிடத்தில் ஆளை ஒதுக்கி வதைப்பதற்கு எதிராகத் தனி விதிமுறை கொண்டுவந்தது.

யார் காதில் யார் ஓதுகிறார் என்ற பிரச்சினை தமிழருக்குப் புதிதல்ல. மலாயாத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் நடுவே கங்காணி நின்றார். ஆள் சேர்த்ததும் அவர்தான், வேலை வாங்கியதும் அவர்தான். வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. பல துரைகளுக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, பெரும்பாலான தொழிலாளிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே யார் சோம்பேறி, யார் கலகக்காரர் என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே வாயின் வழியாகத்தான் துரைக்குப் போய்ச் சேர்ந்தது. 1938ல் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தபோது கங்காணி வழி ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது.

முடிந்தது ஆள்சேர்ப்புதான். தகவல் ஒரே வாயின் வழியாகப் போகும் ஏற்பாடு இன்னும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் சின்னக் கடைகளில் இதைக் கிட்டத்திலிருந்து பார்க்கலாம். முதலாளிக்கு மூன்று கடைகள் இருக்கும். தினமும் ஒரு மணி நேரம்தான் வந்துபோவார். இருபது வருடமாக உள்ள மூத்த கையாள் ஒருவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பார். புதிதாக ஊரிலிருந்து வந்த பையன் அவரை ‘அண்ணே’ என்பான். அண்ணன் நல்லவராக இருந்தால் பையன் தொழில் கற்றுக்கொள்வான். அண்ணனுக்குப் பையனின் சுறுசுறுப்பு பிடிக்காமல் போனால், முதலாளி வரும் அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பின்கட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பான். அவன் முகத்தை முதலாளி பார்க்கவே மாட்டார். அவனைப் பற்றி மட்டும் நிறையக் கேட்டிருப்பார்.

அவன் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பது சுலபம். வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதி அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. எம்பிளாய்மென்ட் பாஸில் இருக்கும் பொறியாளரானாலும் வேலை போனால் பாஸ் ரத்தாகும். பொதுவாக 30 நாள் தங்கலாம், அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். பிள்ளை பள்ளியில் இருக்கும், வீட்டு வாடகை ஒப்பந்தம் பாதியில் நிற்கும், ஊரில் தங்கை கல்யாணக் கடன் இருக்கும். அவருடைய மௌனத்தைக் கோழைத்தனம் என்பது அநியாயம். அந்த மௌனத்தை எண்ணிப் பார்த்துத்தான் சிலர் அவரைக் குறிவைக்கவே செய்கிறார்கள்.

சிங்கப்பூர்ச் சட்டம் எதுவரை கைகொடுக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது இங்கேதான் அவசியமாகிறது.

துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மிரட்டுவது, இழிவாகப் பேசி வேண்டுமென்றே மனவேதனை தருவது, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது ஆகியவை அதன்படி குற்றம். வேண்டுமென்றே துன்புறுத்தினால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே விளக்கத்துக்காகத் தந்திருக்கும் உதாரணங்களில் அலுவலகக் காட்சிகள் வருகின்றன: சக ஊழியர் காதில் விழும்படி அவரைப் பற்றி மற்றவர்களிடம் ஆபாசமாகப் பேசுபவர், தன் கீழ் வேலை செய்பவரின் உடலை வருணித்துத் திரும்பத் திரும்ப மின்னஞ்சல் அனுப்புபவர். இந்த வழக்குகளுக்கென்றே 2021 ஜூன் மாதம் தனி நீதிமன்றமும் திறக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் அங்கே பாதுகாப்பு ஆணை கோரலாம்.

2015 டிசம்பரில் மனிதவள அமைச்சும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து வேலையிடத் துன்புறுத்தலைக் கையாள்வது பற்றி ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டன. 2019 ஏப்ரலிலிருந்து நிர்வாகிகளும் உயரதிகாரிகளும் சம்பள வரம்பின்றி வேலை நியமனச் சட்டத்துக்குள் வந்தார்கள். கட்டாயப்படுத்தி ராஜினாமா எழுதி வாங்கினால் அதையும் முறையற்ற பணிநீக்கமாகக் கருதி முறையிட முடியும். ஆனால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். மனம் நொந்து ஊருக்குப் போய், இரண்டு மாதம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொள்பவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். முறையீடு முதலில் டாடம் என்ற முத்தரப்பு அமைப்பில் சமரசப் பேச்சுக்குப் போகும். அங்கே தீராவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகும். அந்த மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட இடமில்லை. ஊழியர் தானே பேசலாம், அதனால் செலவும் குறைவு.

சட்டம் தொடாத பரப்பும் பெரியது. 2014ல் ஒரு மூத்த அதிகாரியின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. மேலதிகாரி நடத்திய விதத்தால்தான் வேலையை விட்டேன், நிறுவனம் என் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது என்பது அவர் வாதம். அது உண்மையாகவே இருந்தாலும், அப்படி வெளியேறியவருக்குப் பொதுவாகக் கிடைக்கக்கூடியது அறிவிப்புக் காலச் சம்பளம்தான், அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று முடிந்தது வழக்கு. பல ஆண்டுகள் உழைத்த இடத்திலிருந்து அவமானப்பட்டு வெளியேறும் வேதனைக்கு நீதிமன்றத்தில் தனி விலை இல்லை. அறிக்கையில் பெயர் மாறியதற்கும், மின்னஞ்சலில் பெயர் விடுபட்டதற்கும் வழக்குப் போட முடியாது.

அங்கே ஊழியருக்குக் கைகொடுப்பது எழுத்து.

கோள் மூட்டுபவர் எப்போதும் வாய்வார்த்தையில்தான் வாழ்கிறார். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்பதுதான் அவருடைய கடைசிப் புகலிடம். ஆகவே கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் ஒரு சிறு மின்னஞ்சல் போய்விட வேண்டும்: “இன்று காலை பேசியபடி விற்பனைக் கணக்கை நான் வியாழக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன். வாடிக்கையாளர் பட்டியலை நீங்கள் புதன்கிழமை அனுப்புகிறீர்கள். ஏதாவது மாறியிருந்தால் சொல்லுங்கள்.” இதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. புதன்கிழமை பட்டியல் வராவிட்டால் வியாழக்கிழமை யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. எல்லாரிடமும் இதே வழக்கத்தைக் கடைப்பிடித்தால், குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்ததாகவும் இருக்காது.

தொல்லை தொடர்ந்தால் தனிக் குறிப்பேடு வேண்டும். தேதி, நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தை, உடனிருந்தவர், அதனால் வேலையில் ஏற்பட்ட விளைவு. ‘அவர் கெட்டவர்’ என்று எழுதியதை எவரும் படிக்க மாட்டார்கள். ‘மார்ச் 3, 10, 17 ஆகிய மூன்று திங்கட்கிழமைகளிலும் கூட்ட நேரம் மாறியது எனக்கு மட்டும் தெரிவிக்கப்படவில்லை’ என்று எழுதியதைப் படிக்காமல் இருக்க முடியாது. லேமன் சொன்ன ‘எத்தனை முறை, எவ்வளவு காலம்’ என்ற கேள்விக்கு அந்தத் தேதிகள்தான் பதில். ஒரு எச்சரிக்கை: ஆதாரம் சேர்க்கும் அவசரத்தில் நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளையோ வாடிக்கையாளர் விவரங்களையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. நியாயம் கேட்க வந்தவரே அப்புறம் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். தன் கையால் எழுதிய குறிப்பு போதும்.

தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒரு பாடத்தையும் இங்கே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. தலைகுனிந்து வேலையைப் பார், உழைப்பு தானாகப் பேசும் என்பார்கள். ஐம்பது பேர் இருக்கும் தளத்தில் உழைப்பு தானாகப் பேசுவதில்லை; யாராவது அதைப் பற்றிப் பேசுகிறார்கள், பல நேரம் தவறான ஆள் பேசுகிறார். வாரம் ஒரு முறை மேலதிகாரியிடம் முடிந்தது என்ன, நிலுவை என்ன, எங்கே உதவி தேவை என்று நாலு வரியில் சொல்வது ஜால்ரா போடுவது ஆகாது. அடுத்த பிரிவில் இருப்பவரோடு தேநீர் குடிப்பதும் காக்கா பிடிப்பதாகாது. அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்டு ஃபெரிஸும் அவர் குழுவினரும் இதை ‘அரசியல் திறன்’ என்றே அழைத்து, மனிதரைப் படிப்பது, தொடர்புகளை வளர்ப்பது, பேசி இணங்கவைப்பது, நேர்மையானவர் என்று பிறர் உணரும்படி நடப்பது என்று நான்காகப் பிரித்தார்கள். இந்தத் திறனை நல்லவர்கள் கைவிட்டால் மற்றவர்களிடம் மட்டுமே அது இருக்கும்.

நேருக்கு நேர் பேசிப் பார்ப்பதும் பலிக்கும். குற்றம் சாட்டாமல் கேட்டால் இன்னும் நன்றாகப் பலிக்கும். “என் பெயர் அந்தப் பட்டியலில் விட்டுப்போச்சு, அடுத்த முறை சேர்த்துடுங்க” என்று நாலு பேர் முன்னால் அமைதியாகச் சொன்னால், தற்செயலாக விட்டவர் வருந்துவார். வேண்டுமென்றே விட்டவர் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். பதிலுக்குப் பதில் கோள் மூட்டக் கிளம்புபவர் மட்டும் கட்டாயம் தோற்கிறார். அந்த ஆட்டத்தில் எதிராளிக்குப் பல வருடப் பயிற்சி இருக்கிறது.

மனிதவளப் பிரிவுக்குப் போவதானால் ஒன்றை மறக்கக் கூடாது. அது நிறுவனத்தின் கை. அழுகையைக் கேட்டுக்கொள்ளும், ஆனால் தேதிகளைப் பார்த்துத்தான் நகரும். ‘அவரைத் தண்டியுங்கள்’ என்பதை விட ‘கூட்ட அழைப்புகள் பொது நாட்காட்டியில் வர வேண்டும்’, ‘அறிக்கையில் தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டும்’ போன்ற கோரிக்கைகளை நிறைவேற்றுவது அவர்களுக்கும் எளிது. உள்ளே வழி அடைபட்டால் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாஃபெப் இருக்கிறது, தொழிற்சங்கம் இருக்கிறது. வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குக் குடியேறி ஊழியர் நிலையம் இருக்கிறது.

இத்தனை பாரத்தையும் பாதிக்கப்பட்டவர் தோளிலேயே ஏற்றுவது நியாயமாகாது. கோள் சொல்பவருக்கு அதிகாரம் கிடையாது. கேட்பவர்தான் அதைத் தருகிறார். “நீங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க” என்று ஒருவர் சொல்லும்போது, “கேட்காமல் எப்படி? அவரையும் கூப்பிடுங்க, மூணு பேரும் பேசலாம்” என்று மேலதிகாரி ஒரு முறை சொன்னால் போதும், அந்த அலுவலகத்தில் பாதிக் கோள் அன்றைக்கே நின்றுவிடும். மூன்று கடை முதலாளி மாதம் ஒரு நாள் பின்கட்டுக்குப் போய் மூட்டை தூக்கும் பையனிடம் பத்து நிமிடம் நேரடியாகப் பேசினால், கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் சொல்வதை அளந்து பார்க்க அவருக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

2025 ஜனவரி 8ஆம் தேதி நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, இனம், சமயம், மொழித் திறன், குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பப் பராமரிப்புப் பொறுப்பு, உடற்குறை, மனநலம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதை அது தடை செய்கிறது. ஊழியர் குறைகளைக் கேட்கும் முறை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும், புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆனால் 25 பேருக்குக் குறைவாக ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு, சட்டம் நடைமுறைக்கு வருவதிலிருந்து முதல் ஐந்தாண்டுகளுக்கு விலக்கு. சிராங்கூன் சாலையின் பூக்கடை, துணிக்கடை, சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலானவை அந்த விலக்குக்குள் வந்துவிடும்.

துன்புறுத்தல் சட்டத்தில் அப்படி விலக்கு எதுவும் இல்லை. மூன்று பேர் வேலை செய்யும் கடையையும் அது கட்டுப்படுத்தும். மற்றதற்கு அந்தக் கடைகள் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. குறை இருந்தால் யாரிடம் சொல்வது, அவரைப் பற்றியே குறை என்றால் வேறு யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும் என்று மூன்று வரி தமிழில் எழுதி, முதலாளியின் கைப்பேசி எண்ணோடு பின்கட்டுச் சுவரில் ஒட்டிவைக்க இன்றைக்கே முடியும்.